கனமில்லாத ஸ்டீயரிங்

காலிக் குடம் என்று தெரியாமல், நிறைகுடத்தைத் தூக்கும் வேகத்தில் தூக்கினால் கை விசுக்கென்று மேலே போகுமே, அப்படி இருந்தது எனக்கு. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸிலிருந்து ரயில் பாதையைத் தாண்டிப் போகும் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன ஆட்டோவுக்கு ஒதுங்குவதற்காக ஸ்டீயரிங்கை வலது பக்கம் லேசாகத் திருப்பினேன். சக்கரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல அது சும்மா சுழன்றது. கொஞ்சம் தாமதித்துத்தான் வண்டி திரும்பியது. அதுவும் நான் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பியது.

ஸ்டீயரிங் தொளதொளவென்று இருக்கிறது என்று பக்கத்தில் இருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பவர் ஸ்டீயரிங் என்றால் லேசாகத்தான் இருக்கும், எனக்கு இன்னும் கை பழகவில்லை என்றார். அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அந்த வருஷத் தொடக்கத்திலிருந்து வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் பழகாத கை இனி எப்போது பழகுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள்தான். நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். கரியாஹாட்டில் காய்கறி வாங்கும்போதும் அதே நினைப்பு. வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமலேயே வாங்கி வந்துவிட்டேன். திரும்பும் வழியில் பத்தடிக்கு ஒரு முறை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். அவர் இடது கையால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, வலது கையை ஹேண்ட்பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் வந்தார்.

வண்டியை நான் ஓட்ட வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தா வந்தவர். துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பிரிவில் எஞ்சினியர். கார்டன் ரீச் பக்கம் ஆற்றங்கரையோரமாகவே அவருடைய வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குத் திரும்புவது என்றுதான் பேச்சு. எனக்கு வங்கியில் இன்னும் சில வருஷ வேலை பாக்கி இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டோம். பெண் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், கீழே வேப்பமரத்தடியில் நிற்கும் இந்தப் பழைய வெள்ளைக் காரும்தான். வண்டி அவருடைய செல்லம். நான் லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகியும் அவர் இருக்கும்போது என்னை ஓட்ட விட்டதில்லை.

பனிக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தது. நாற்காலியோடு சரிந்து விழுந்தார். பல் கிட்டிவிட்டது. என் அலறலைக் கேட்டு எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் பௌதி ஓடி வந்தார். இங்கே பக்கத்து வீட்டு அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். வந்தவர் வாசலில் கிடந்த தோல் செருப்பை எடுத்து அவர் மூக்கருகே கொண்டுபோனார். அவர்கள் பக்கத்தில் வலிப்புக்குச் செருப்பு நாற்றம்தான் மருந்தாம். எங்கள் பக்கத்தில் இரும்பு. நான் செருப்பைத் தட்டிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து அவர் வலது கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். பீரோச் சாவி, கிரில் கேட் சாவி, காரின் இரண்டாவது சாவி எல்லாம் அதில் இருந்தன. கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. சாவியால் நின்றது என்று நானும், என் கூச்சலால் நின்றது என்று பௌதியும் நினைத்துக்கொண்டோம்.

டாக்டர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. வலிப்பு தானாக வரும், தானாக நிற்கும். கையில் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அது போதும் என்று எனக்கு வகுப்பே எடுத்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு ஸ்டீயரிங் பக்கமே போகக் கூடாது என்றார். மாத்திரையை என் கணவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. விசாரிப்பவர்களிடமெல்லாம் கல்கத்தா டிராஃபிக் சலித்துவிட்டது, அதனால் மனைவியிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன். எங்கள் ஜனங்களிடம் வலிப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது.

டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, என் மனசு கேட்கவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தச் சாவிக்கொத்தை எப்போதும் பாக்கெட்டில் வைத்திருக்கும்படி அவரை வற்புறுத்தினேன். குளிக்கப் போனால்கூட வாசல் பக்கமாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அறிவியல் படித்த எஞ்சினியர் சிரித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மறுப்பார் என்று பார்த்தேன், மறுக்கவில்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுபடி ஸ்டீயரிங்குக்கு வருகிறேன். முதலில் காற்றைச் சந்தேகப்பட்டேன். முன் டயர்களில் காற்று கூடினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னார். பெட்ரோல் பங்கில் போய்ச் சரிபார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது, குறைக்கச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளியதும் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து டிக்கியைச் சந்தேகப்பட்டேன். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளுமாம். எங்கள் டிக்கி வண்டியின் பாகம் இல்லை, வீட்டின் பரண். கொலுப்படியின் இரும்புச் சட்டங்கள், பொம்மைப் பெட்டி, ஓடாத கிரைண்டரின் கல் என்று வருஷக்கணக்கில் அதில் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றை மாடிக்கு ஏற்றினேன். பொம்மைப் பெட்டியில் செட்டியாருக்கு ஒரு கை போனதுதான் மிச்சம்.

அவர் பால்கனியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ரயில் லைன் ஓரத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எங்கள் வண்டிக்கு அவர்தான் குலதெய்வம். விஸ்வகர்மா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, பட்டறையில் பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது, அவருடைய கவனமெல்லாம் அதில்தான். வண்டியை எடுத்து முட்டுச்சந்துவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். “காடி டீக் ஆச்சே, பௌதி,” என்றார் என்னிடம். வண்டியில் ஒன்றுமில்லையாம், வயதான வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யுமாம், பூஜை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளலாமாம். தாதா, அதாவது என் கணவர், ஓட்டிய காலத்தில் இப்படி ஒரு புகாரும் வந்ததில்லையே என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் கணவர் காலடியில் கிடந்த ஒரு நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு என் கையையே நான் சந்தேகிக்க ஆரம்பித்தேன். மெட்ரோவில் கம்பியைப் பிடிக்கும்போது பிடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடுவேன். ஐம்பது தாண்டிய உடம்பு, நரம்பு மரத்துப்போகிறதோ, சர்க்கரை வந்துவிட்டதோ என்று ரத்தப் பரிசோதனைக்குக் கூடக் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு எதிர் ஃப்ளாட் பௌதியின் காரை வாங்கி ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். அதுவும் பவர் ஸ்டீயரிங்தான். விரலால் தொட்டால் திரும்பியது, ஆனால் தொட்ட அளவுக்குத்தான் திரும்பியது. சக்கரம் என் கைக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கையில் கோளாறு இல்லை.

அப்படியானால் வண்டியில்தான் கோளாறு. அதை ஏன் யாருமே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்? மெக்கானிக்கை விடுங்கள். கிரேன் கம்பி ஒரு நூல் தேய்ந்தாலும் காதால் கண்டுபிடிக்கிற மனிதர், சொந்த வண்டி என்றதும் ஏன் மழுப்புகிறார்? அதோடு இன்னொன்றும் என்னை அரித்தது. நான் தனியாக வண்டியை எடுப்பதே இல்லாமல் போய்விட்டது. தையற்கடைக்குப் போகிறேன் என்று சாவியை எடுத்தால் போதும், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். உட்கார்ந்ததும் அந்த வலது கை ஹேண்ட்பிரேக்குக்குப் போய்விடும். என் ஓட்டத்தில் இத்தனை அவநம்பிக்கையா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு ஓட்டுவேன்.

இரண்டு பேர் சேர்ந்து செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து, நிற்கிற வண்டியின் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும். மற்றவர் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூட்டு நன்றாக இருந்தால் கம்பியும் சக்கரமும் சேர்ந்து நகரும். தேய்ந்தோ தளர்ந்தோ போயிருந்தால் நடுவில் ஒரு 'டொக்' கைக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு கீழே போனேன். சும்மா நிற்கிற வண்டிதானே, டாக்டர் இதற்கெல்லாம் தடை சொல்லவில்லை என்றேன்.

அவர் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். மாதக்கணக்குக்குப் பிறகு அவர் அங்கே உட்காருகிறார் என்று நினைத்து எனக்கே நெஞ்சு கனத்தது. நான் பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை விரித்து, தரையோடு தரையாக ஒருக்களித்தேன். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வலது பக்கம் முதலில். கம்பியும் சக்கரமும் ஒற்றுமையாக நகர்ந்தன. எழுந்து இடது பக்கம் போய்ப் படுத்தேன். அவர் ஆட்டினார். டொக். மறுபடி ஆட்டச் சொன்னேன். டொக். கையை எடுத்துக் கண்ணால் பார்த்தேன். கம்பியே நேராக இல்லை, மெலிதாக வளைந்திருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா தெரியவில்லை. மண்ணும் கிரீஸுமாக எழுந்து, இடது பக்கம்தான், கிடைத்துவிட்டது என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவர் ஸ்டீயரிங்கை இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினியருக்கு அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும்.

“இடதுதான்,” என்றார். “மெதுவா போகும்போது ஆட்டம் மட்டும்தான் தெரியும். கார்டன் ரீச் ஃப்ளைஓவர் எறக்கத்துல பாத்தியன்னா, அப்படியே செவுத்துப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போவும்.”

நான் அந்த மேம்பாலத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை. லாரிகளும் கன்டெய்னர்களும் போகிற வழி, எனக்கு அங்கே ஒரு ஜோலியும் கிடையாது. அவர் சொல்லி முடித்ததும், தான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஸ்டீயரிங் ஆடுவது நின்றது.

என் கை நேராக ஜன்னலுக்குள் போய் நீண்டது. அவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அதில் வைத்தார். நான் வலிப்புக்கு மருந்தாகக் கொடுத்து வைத்த இரும்பு. நான் மெட்ரோவுக்குக் கிளம்பிய பிறகு அதை வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்துப் போயிருக்கிறார்.

மாடிக்குப் போன பிறகுதான் பேசினோம். பேசினோம் என்ன, நான் கத்தினேன், அவர் பதில் சொன்னார். சும்மா நாலைந்து தடவைதான் என்றார். பழைய வேலையிடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, கிரேன் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாராம். ஒரு நாள் திரும்பி வரும்போது குறுக்கே ஒரு ஆட்டோக்காரன் வந்தானாம். ஒதுங்கப் போய் இடது சக்கரம் நடைபாதை ஓரக் கல்லில் மோதிவிட்டதாம். அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லையாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று நான் கேட்டதற்கு, ஆகியிருக்காது என்றார். அந்தப் பதில் எனக்கு என்னவோ போல் இருந்தது, ஆனால் என் கோபம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் நின்று கவனிக்கவில்லை.

“வண்டியில கோளாறுன்னு தெரிஞ்சிக்கிட்டே எங்கையி பழகலன்னு சொன்னீங்களே,” என்றேன். “நான் ரத்தம்லாம் குடுத்துட்டு வந்தேன். அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

“சொன்னா சாவிய வாங்கிருவ.”

“அதனால நான் அந்த வண்டியில போய்ச் சாகட்டும்னு விட்டுட்டீங்களா?”

“தனியா உட்டேனா? ஒரு நாளாவது ஒன்னயத் தனியா உட்டேனா?” என்றார்.

ஹேண்ட்பிரேக் பக்கத்தில் இருந்த அந்தக் கை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் ஓட்டத்தைப் பற்றிய பயம் இல்லை அது. தான் வளைத்துவிட்ட கம்பியைக் காவல் காத்துக்கொண்டு, மூடிய வாயோடு, என்னோடு கூடவே வந்திருக்கிறார். நேர்ந்தால் இரண்டு பேருக்கும் நேரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மனசு இளகியது உண்மை. ஆனால் கோபம் ஆறவில்லை. இத்தனை பெரிய மனிதர் ஒரு சாவிக்காக இவ்வளவு செய்வாரா என்று அடுப்படியில் நின்று பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மடியில் கனம் இருந்ததால்தானே வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார்.

விஸ்வகர்மா பூஜை முடிந்து பட்டறை திறந்ததும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இந்த முறை மெக்கானிக்கைச் சந்துக்குள் ஓட்டிப் பார்க்க விடவில்லை. இடது சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கம்பி வளைவு, மூட்டுத் தளர்ச்சி, ரிம்மின் உள்விளிம்பில் நசுங்கல். பலமான அடி, எப்படிப் பட்டது என்று கேட்டார். என் கணவர் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்துவிட்டான் என்றார்.

என்னிடம் ஆட்டோ என்று சொன்னவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெக்கானிக்கின் கையிலிருந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துப் பெண்ணிடம் போனில் சொல்லும்போது அது ஒரு நாயாகிவிட்டது. ஒரு ஆளுக்கு எத்தனை குறுக்கே வரும்? பொய் சொல்லிப் பழகாத மனிதருக்குச் சொன்ன பொய் நினைவில் நிற்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரவில் புரண்டு படுக்கும்போது அந்த ஆட்டோவும் சைக்கிளும் நாயும் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

கம்பியும் மூட்டும் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார்கள், அலைன்மென்ட்டும் பார்த்தார்கள். பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டீயரிங்குக்கு ஒரு கனம் வந்திருந்தது. நான் திருப்பினால் எதிர்த்துக் கொஞ்சம் நின்று, பிறகு இணங்கியது. விட்டால் தானாக நேராகியது. நல்ல மருமகள் மாதிரி என்று என் மாமியார் இருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு நல்ல மருமகளாக இருந்து பழக்கமில்லை, ஆனாலும் அந்தக் கனம் பிடித்திருந்தது.

வேகத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். துர்கா பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரெல்லாம் பந்தல் மூங்கில்கள், கரியாஹாட் பக்கம் ஜவுளிக் கூட்டத்தில் வண்டி போகாது. அதனால் ஆற்றுக்கு மேலே போகிற இரண்டாவது ஹூக்ளி பாலத்துக்குப் போகலாம் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை வலது கை மடியில் இருந்தது. சாவிக்கொத்து என் கைப்பையில் இருந்தது.

பாலத்தில் காற்று அடித்தது. அறுபதைத் தொட்டேன். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. காற்றின் தள்ளல்கூட ஸ்டீயரிங் வழியாக என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. எத்தனையோ நாள் கழித்து என் தோள்கள் கீழே இறங்கின. பார்த்தீர்களா, இப்போது பழகிவிட்டதா கை என்று சொல்லிக் காட்டினேன். பதில் இல்லை. இடது ஜன்னல் வழியாக ஆற்றையும் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், கோபமாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு என் இடது முழங்கையில் எதுவோ தட்டியது. ஒரு முறை, மறுமுறை. திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, கண்கள் மேலே செருகியிருந்தன.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைவிட வண்டி என்ன செய்தது என்பதுதான் நினைவில் இருக்கிறது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினேன், திருப்பிய அளவுக்குத் திரும்பியது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது. பாலத்து ஓரத்தில் ஒட்டி நின்றேன். நாலு பக்க விளக்கையும் போட்டேன். என் கை பழக்கத்தில் கைப்பைக்குள் போய்ச் சாவிக்கொத்தைத் தேடியது. பிடித்தும் விட்டேன். பிறகு விட்டுவிட்டேன். அவருடைய சீட் பெல்ட்டைக் கழற்றி, சீட்டைப் பின்னால் சாய்த்து, டாக்டர் சொன்ன மாதிரி ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். வாயோரத்து எச்சிலைத் துப்பட்டாவால் துடைத்தேன். என் நெஞ்சு அடித்த அடி அவர் முதுகில் பட்டிருக்கும். இழுப்பு தானாக நின்றது.

அவர் கண் திறக்க நேரமாயிற்று. திறந்தும் என்னைத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடவினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தைத் தேடினார்.

“யாரையும் இடிச்சிட்டேனா?” என்றார். நாக்கு குழறியது. “இடிச்சிட்டேனா? சொல்லு.”

“நீங்க ஓட்டல,” என்றேன். “நான்தான் ஓட்டுனேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவர் என் முகத்தையும், என் பக்கத்து ஸ்டீயரிங்கையும், வெளியே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். அவருடைய கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக இறங்கியது. அதைத் துடைக்கக் கை எழும்பவில்லை, நான்தான் துடைத்தேன்.

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டேன்,” என்றார். “ஆட்டோலாம் ஒண்ணும் வரல. முழிச்சுப் பாத்தா வண்டி கல்லுல ஏறி நிக்கி. பக்கத்துல பதில் சொல்ல ஆள் இல்ல. எறங்கி வண்டிக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன், யாரும் கெடக்காங்களான்னு.”

நான் அவருடைய பெல்ட்டை மறுபடி மாட்டிவிட்டேன். டாக்டருக்குப் போன் செய்தேன். பாலத்தைத் தாண்டி ஹௌரா பக்கம் இறங்கித் திரும்பினால்தான் ஆஸ்பத்திரிக்கு வழி. இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வழி முழுவதும் அவர் வலது கையை என் முழங்கையின் மேல் வைத்திருந்தார். கியர் மாற்றும்போதுகூட அதை எடுக்கச் சொல்லவில்லை நான்.